பாட்டு கார்டு பரிசா? நம்பரைக் கேட்டால் நம்பாதே!

ஏற்காடு.

காலை மணி 10. ஏரிக்கரை முழுக்க பனி. எதிரே வருகிற ஆள் யார் என்று பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது. பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. அதற்கு அடுத்தது டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டி நிறுத்த இடமில்லாமல் மலையில் நடக்கிற தகராறு பற்றி செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வேலை முடிந்து, சேலம் இறங்கும் பஸ்சுக்காக டீ கிளாசும் கையுமாக நின்றேன்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். வயது எழுபதுக்கு மேல். வேட்டி, கம்பளி ஸ்வெட்டர், தலையில் மப்ளர். காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரீசார்ஜ் கடைக்காரருக்கு நன்றாகத் தெரிந்தவர்.

"தம்பி, பாட்டு கார்டு இருக்குதா? ஆயிரம் ரூவா கார்டு அஞ்சு வேணும்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சா? யாருக்குங்க ரைட்டரய்யா?"

"பேத்திக்குத்தான். பொறந்த நாளாம். போன்ல பாட்டு வாங்குற கார்டு வாங்கி, நம்பரை மட்டும் போட்டோ புடிச்சு அனுப்பு தாத்தான்னு மெசேஜ் போட்டிருக்கு. அது போன் ரிப்பேராம். வேற நம்பர்ல இருந்து வந்திருக்கு."

"பேசினீங்களா?"

"கிளாஸ்ல இருக்கேன், கூப்பிடாதேன்னு போட்டிருக்கே!"

கடைக்காரர் நினைத்திருந்தால் கார்டைக் கொடுத்து கமிஷனை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பெரியவர் கையில் இருந்த போனை வாங்கினார். பேத்தியின் பழைய நம்பரைத் தேடி அழுத்தினார். ரிப்பேர் என்று சொல்லப்பட்ட போன் கணீர் என்று மணி அடித்தது.

"என்ன தாத்தா, காலையிலயே?" என்றது பேத்தியின் குரல்.

"பொறந்த நாள் கார்டு கேட்டியேம்மா..."

"எனக்கு ஐப்பசியிலதானே தாத்தா பொறந்த நாள்! நான் எதுவும் கேக்கலியே!"

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது. மடியில் இருந்த 5 ஆயிரம் ரூபாயை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாதா மாதம் அவருக்கு வருகிற பி.எப். பென்ஷன் அதில் பாதிகூட இல்லை!

ஒரே ஒரு கேள்வி. ஒரே ஒரு போன். 5 ஆயிரம் தப்பியது.

அந்த டீ ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை. காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்ன கார்டு அது?

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டு கார்டு என்று சனங்கள் சொல்வது, முன்பணம் கட்டி வாங்குகிற கார்டு. பெரிய ஊர்க் கடைகளில் அட்டையாகத் தொங்கும். மலை ஊரில் கடைக்காரர் தன் போனிலேயே நம்பரை எடுத்துக் கொடுப்பார். ஆப்பிள், கூகுள், ஸ்பாட்டிஃபை என்று கம்பெனிக்கு ஒரு கார்டு. சிலதில் பாட்டு மட்டும். சிலதில் பாட்டு, சினிமா, விளையாட்டு எல்லாமே வாங்கலாம்.

கார்டில் ஒரு ரகசிய நம்பர் இருக்கும். அட்டையாக இருந்தால் மேலே பூசியிருப்பதைச் சுரண்ட வேண்டும். அந்த நம்பரைப் போனில் போட்டால், கார்டில் உள்ள பணம் அந்தக் கணக்கில் ஏறிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

கவனிக்க வேண்டியது இது. கார்டில் பெயர் கிடையாது. முகவரி கிடையாது. கையெழுத்து கிடையாது. நம்பரை யார் முதலில் போடுகிறானோ, பணம் அவனுக்கு!

அந்தக் காலத்து மணியார்டரை நினைத்துப் பாருங்கள். தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். பெயரைக் கேட்பார். கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டுதான் நோட்டை எண்ணிக் கொடுப்பார். பாட்டியின் பணத்தை அடுத்த வீட்டுக்காரன் வாங்க முடியாது. இந்தக் கார்டுக்கு அந்தக் காவல் இல்லை. நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புவதும், ரூபாய் நோட்டை நடுரோட்டில் போட்டுவிட்டு வருவதும் ஒன்றுதான்.

சேலத்துக் குகை

ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்குள் நுழைகிறபோது, அதே ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கும். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி. அங்கே இருந்துதான் 1956-ல் "அலிபாபாவும் 40 திருடர்களும்" வந்தது. எம்.ஜி.ஆர். நடித்த படம். கேவா கலரில் வந்த படம்.

அதில் குகைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. சாவி கிடையாது. மந்திரச் சொல் ஒன்றுதான். சொல்லத் தெரிந்தவனுக்குக் கதவு திறக்கும். சொல்கிறவன் திருடர் தலைவனா, விறகு வெட்டியா என்று குகை கேட்காது.

பாட்டு கார்டும் அந்தக் குகை மாதிரிதான். ரகசிய நம்பர்தான் மந்திரச் சொல். படத்தில் நல்லவன் ஒளிந்திருந்து கேட்டான். இப்போது 40 திருடர்களும் போனில் ஒளிந்திருந்து கேட்கிறார்கள்!

மீரா ரோட்டில் நடந்தது

இது ஏதோ சில்லறைத் திருட்டு என்று நினைக்க வேண்டாம். உலகம் பூராவும் நடக்கிற தொழில்.

2016 அக்டோபர். மும்பையை ஒட்டிய தானே மாவட்டம், மீரா ரோடு. அங்கே இயங்கிய கால் சென்டர்களில் போலீசார் ராத்திரியில் புகுந்தனர். 700 பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். சுமார் 70 பேர் கைதானார்கள். எல்லாம் வாலிபப் பிள்ளைகள், பெண்கள்.

என்ன வேலை செய்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் உள்ளவர்களுக்குப் போன் போட்டு, "வருமான வரி ஆபீசில் இருந்து பேசுகிறோம். வரி பாக்கி இருக்கிறது. உடனே கட்டாவிட்டால் போலீஸ் வரும்" என்று மிரட்டினார்கள். பயந்துபோனவர்களிடம், "கடைக்குப் போய் ஐடியூன்ஸ் கார்டு வாங்கு. பின்னால் இருக்கிற நம்பரைப் படி" என்றார்கள்.

ஐடியூன்ஸ் என்பது ஆப்பிள் கம்பெனி 2003-ல் திறந்த பாட்டுக் கடை. பேரப்பிள்ளைக்குப் பாட்டு வாங்கிக் கொடுக்கிற கார்டை வைத்துத்தான் வரி கட்டச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊரிலாவது சர்க்கார் பாட்டு கார்டில் வரி வாங்குமா? ஆனால் பயம் வந்தால் புத்தி வேலை செய்யாது. படித்தவர்கள், வயதானவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள் என்று ஏராளமானோர் ஏமாந்தார்கள். இதே போன்ற இந்திய கால் சென்டர் மோசடிக் கும்பலுக்கு அமெரிக்காவில் இருந்து உதவிய 21 பேருக்கு அங்குள்ள கோர்ட்டு 2018-ல் ஜெயில் தண்டனை கொடுத்தது. சிலருக்கு 20 வருஷம் வரை!

திருடன் ஏன் பாட்டு கார்டைக் கேட்கிறான்? அவனுக்குப் பாட்டு கேட்க ஆசையா? இல்லை. பேங்கில் பணம் போட்டால் கணக்கு நம்பர் இருக்கும். போலீஸ் பிடித்துவிடும். கார்டு நம்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. கிடைத்த நிமிஷமே அரை விலைக்கோ முக்கால் விலைக்கோ இன்னொருவனிடம் தள்ளிவிடுவான். நம்பர் நாலு கை மாறி, நாடு விட்டு நாடு போயிருக்கும். ஏமாந்தவர் அப்போதுதான் "போய்ச் சேர்ந்ததா கண்ணு?" என்று மெசேஜ் போட்டுக்கொண்டிருப்பார்.

"பாஸ்" பேசுகிறார்!

நம்ம ஊருக்கு இது வேறு வேஷத்தில் வந்தது.

கலெக்டர் படம் போட்ட வாட்ஸ்அப். பெரிய அதிகாரி படம் போட்ட வாட்ஸ்அப். "மீட்டிங்கில் இருக்கிறேன். பேச முடியாது. அவசரமாகப் பரிசு கார்டு வாங்கி நம்பரை அனுப்பு. சாயந்தரம் பணம் தருகிறேன்." கீழே வேலை பார்ப்பவருக்குக் கை கால் ஓடாது. கலெக்டரே கேட்கிறாரே! வாங்கி அனுப்பிவிடுவார்.

தமிழ்நாட்டில் பல மாவட்ட கலெக்டர்களின் படத்தை வைத்தே இந்த வேலை நடந்தது. 2022-ல், அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு, தாமே வீடியோவில் தோன்றி, இதுதான் "பாஸ் மோசடி", ஏமாறாதீர்கள் என்று எச்சரித்தார்.

கார்டு மாறலாம். கடைச் சாமான் கார்டு, விளையாட்டு கார்டு, பாட்டு கார்டு. வேஷம் மாறலாம். பேத்தி, கலெக்டர், வரி அதிகாரி. மூன்று விஷயம் மட்டும் மாறாது. ஒன்று, அவசரம். இரண்டு, "பேசாதே". மூன்று, "நம்பரை மட்டும் அனுப்பு".

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அது திருட்டு. சந்தேகமே வேண்டாம்.

நானும் ஏமாந்தேன்

டீ ஏன் ஆறியது என்று சொல்கிறேன் என்றேனே. சொல்கிறேன்.

நான் பிளஸ்-டூ வரைக்கும் படித்தவன். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, முனிசிபாலிட்டி என்று சுற்றி செய்தி எழுதுகிறவன். "நூதன மோசடி", "டிப்-டாப் ஆசாமி கைவரிசை" என்று எத்தனையோ தலைப்பு போட்டவன். எனக்கே அந்த மெசேஜ் வந்தது. ஆபீசில் எனக்கு மேலே உள்ள ஒருவரின் படம். "தம்பி, மீட்டிங்கில் இருக்கேன். ஒரு உதவி. ஆயிரம் ரூபாய் கார்டு நாலு. ஒரு பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த நாள் பரிசு. நம்பரை அனுப்பு."

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேலே உள்ளவர் "தம்பி" என்று கூப்பிட்டதே பெரிய பெருமை. ஓடிப்போய் வாங்கினேன். நாலு நம்பரும் அனுப்பினேன். "இன்னும் மூணு" என்று வந்தபோதுதான் மண்டையில் உறைத்தது.

4 ஆயிரம் ரூபாய். அந்த மாசம் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணம்.

அதைவிடப் பெரிய தப்பு எது தெரியுமா? வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. கிரைம் நிருபர் ஏமாந்தான் என்றால் சிரிக்க மாட்டார்களா? மூன்று நாள் மூடி மறைத்தேன். அப்புறம் 1930-க்குப் போன் போட்டேன். அதற்குள் நாலு நம்பரும் தீர்ந்துபோயிருந்தன. உடனே சொல்லியிருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ.

அந்த மூன்று நாள் வெட்கம்தான் திருடனுக்கு நான் கொடுத்த இரண்டாவது பரிசு!

அதனால்தான் எழுதுகிறேன். ஏமாந்தவர் முட்டாள் இல்லை. பாசத்தையும் மரியாதையையும் பிடித்து இழுத்துத்தான் திருடுகிறான். பாசம் இல்லாதவனை இந்த வழியில் ஏமாற்ற முடியாது. வெட்கப்பட வேண்டியவன் அவன்.

அப்படியானால் கார்டே வேண்டாமா?

அப்படிச் சொல்ல நான் வரவில்லை. பாட்டைப் பரிசாகக் கொடுப்பது நம் சனங்களுக்குப் புதிது இல்லை.

எங்க அப்பா சொல்வார். 1980-களில் சேலத்தில் தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர். வெள்ளைத் தாளில் பாட்டுப் பெயரை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். 60 நிமிஷ கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டு. 90 நிமிஷம் என்றால் இன்னும் கொஞ்சம். ஒரு வாரம் கழித்துத்தான் கைக்கு வரும். கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, ஊர் மாற்றலாகிப் போகிற சிநேகிதனுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். அட்டையில் பெயரை மையால் எழுதியிருக்கும். கம்பெனிக்காரன் கணக்கில் பார்த்தால் அது பாட்டுத் திருட்டுதான். அது வேறு விஷயம். ஆனால் கொடுத்தவர் உட்கார்ந்து யோசித்து எழுதின அந்த வரிசை, அதுதான் பரிசு.

கார்டில் அந்த வரிசை இல்லை. பணம் மட்டும்தான் இருக்கிறது. "உனக்குப் பிடித்ததை நீயே வாங்கிக்கொள்" என்கிறோம். அதுவும் ஒரு மரியாதைதான். தாத்தா ரசனை ஒன்று, பேத்தி ரசனை ஒன்று. தப்பில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் சில விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடை மூடினால்?

முதலில், பாட்டுக் கடைகள் நிலையில்லாதவை.

பிளிப்கார்ட் கம்பெனி 2012-ல் "பிளைட்" என்று பாட்டு விற்கும் கடை திறந்தது. 2013 ஜூனிலேயே மூடிவிட்டது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது ஒரு பாட்டு 7 ரூபாயில் இருந்து 15 ரூபாய். கூகுள் பிளே மியூசிக் 2020-ல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் 2024-ல் கதவைச் சாத்தியது.

அப்பா வாங்கிய கேசட்டை இன்றைக்கும் ஓட்டலாம். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றினால் போதும். கடை மூடினாலும் கேசட் வீட்டில் இருந்தது. இப்போது கடை மூடினால்?

இரண்டாவது, இப்போது விற்பது பெரும்பாலும் பாட்டு இல்லை. வாடகை! மாசத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் எல்லாப் பாட்டும் கேட்கலாம். கட்டாவிட்டால், இறக்கி வைத்த பாட்டும் பூட்டிக்கொள்ளும். மூன்று மாச கார்டு கொடுத்தால் மூன்று மாசப் பரிசு. நாலாவது மாசம் பேத்தி கையில் எதுவும் நிற்காது. அது தெரிந்து கொடுத்தால் குறை இல்லை. "தாத்தா பாட்டு வாங்கிக் கொடுத்தார், காணாமப் போச்சு" என்று பிள்ளை அழக்கூடாது.

மூன்றாவது, நாடு. சிங்கப்பூர் மாமா அங்கே கடையில் ஆப்பிள் கார்டு வாங்கி அனுப்புவார். இங்கே போட்டால் ஏறாது. அந்தந்த நாட்டுக் கார்டு அந்தந்த நாட்டுக் கணக்குக்குத்தான் செல்லும். மாமா பணம் வீண்.

நாலாவது, போன். ஆப்பிள் கார்டை வாங்கி, ஆப்பிள் கணக்கே இல்லாத பிள்ளைக்குக் கொடுத்து என்ன பிரயோசனம்? எந்த ஆப்பில் பாட்டு கேட்கிறாய் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலையில் ஒரு கோடு

ஐந்தாவது விஷயம் சேர்வராயன் மலைக்காரர்களுக்கு.

ஏற்காடு டவுனில் சிக்னல் இருக்கிறது. உள்ளே நாகலூர், செம்மநத்தம் பக்கம் போய்ப் பாருங்கள். சில வளைவில் ஒரு கோடு வரும். அடுத்த வளைவில் அதுவும் போகும். எஸ்டேட் லயத்தில் இருக்கிற பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை மேல் ஏறி நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஓடவிட்டுக் கேட்கிற பாட்டு, பாதியில் நின்றுவிடும்.

வழி உண்டு. டவுனுக்கு வருகிறபோது பாட்டைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சிக்னல் இல்லாமலே கேட்கலாம். ஆனால் ஸ்பாட்டிஃபையில் 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் இறக்கினதும் பாடாது. காபி பறிப்பு சமயத்தில் டவுன் பக்கமே வராத குடும்பம் எத்தனை! அவர்களுக்கு ஒரு பென் டிரைவில் முறையாகக் காசு கொடுத்து வாங்கின பாட்டு, மாச வாடகைக் கார்டைவிட நல்ல பரிசு.

சட்டம் என்ன சொல்கிறது?

பல கடைகளிலும் செல்லுகிற, பேங்குகள் மாதிரி வெளியிடுகிற பரிசு கார்டுக்கு ரிசர்வ் பேங்க் விதி போட்டிருக்கிறது. 2021-ல் வந்த விதிப்படி ஒரு பரிசு கார்டு 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. கொடுத்த நாளில் இருந்து குறைந்தது ஒரு வருஷம் செல்ல வேண்டும்.

ஆனால் ஒரே கம்பெனியின் சரக்கை வாங்க மட்டும், அந்தக் கம்பெனியே வெளியிடுகிற கார்டுக்கு ரிசர்வ் பேங்க் அனுமதி தேவையில்லை. அது பேங்க் கணக்கில் வராது. கம்பெனி வைத்ததுதான் கெடு. பாட்டு கார்டு பலதும் இந்த ரகம். வாங்குகிறவர் கெடுவைப் பார்க்காவிட்டால் நஷ்டம் அவருக்கே. கம்பெனி ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால் திருடனுக்கு நம் கையாலேயே நம்பரை அனுப்பிவிட்டால், கம்பெனி கையை விரித்துவிடும்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2024-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. கார்டின் நம்பர் வெளியே தெரியாமல் பத்திரமான உறையில் விற்க வேண்டும், கடைச் சிப்பந்திகளுக்கு மோசடியை அடையாளம் காணப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று. அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் பல வருஷமாக ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது: பரிசு கார்டு பரிசுக்கு மட்டும். பணம் கட்ட அல்ல.

நமக்கு ஏன் அது வரக்கூடாது? நான் கேட்பது பெரிய காரியம் இல்லை.

கார்டின் மேல் தமிழில் ஒரு வரி அச்சடியுங்கள். "இந்த நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்." இங்கிலீஷில் எறும்பு மாதிரி எழுதினால் ரைட்டரய்யா எப்படிப் படிப்பார்?

கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை மாட்டுங்கள். "போனில் கேட்டார்களா? முதலில் பேசிப் பாருங்கள்." ஒரே ஆள் மூன்று நாலு கார்டு கேட்டால், "யாருக்குங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கமிஷன் போகும் என்று பயப்படாதீர்கள். அந்த ஏற்காட்டுக் கடைக்காரருக்கு அன்றைக்கு கமிஷன் போனது. ஒரு குடும்பமே அவருக்கு நிரந்தர வாடிக்கை ஆனது!

போலீஸ் நிலையங்களில், "ஆயிரம் ரெண்டாயிரத்துக்கெல்லாம் புகாரா?" என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்துதான் கோடி ஆகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் சைபர் கிரைம் போலீஸ் இருக்கிறது. மலையில் இருந்து ஒரு வயதானவர் அதற்காக 20 வளைவு இறங்கி வர முடியுமா? புகாரை மேலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கத்தை விடுங்கள். அடுத்த நிமிஷமே 1930-க்குப் போன் போடுங்கள். கார்டு கம்பெனிக்கும் சொல்லுங்கள். நம்பரை அவன் இன்னும் போடாமல் இருந்தால், நிறுத்தி வைக்க வழி இருக்கலாம். கார்டையும் ரசீதையும் கிழித்துப் போடாதீர்கள். மெசேஜை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

கொடுக்கிறபோதும் கவனம். அட்டையாக வாங்கினால் சுரண்டும் பூச்சு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னாலேயே சுரண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு, திரும்ப மூடி வைக்கிற கில்லாடிகளும் உண்டு.

ஒரு வாசகர் கேட்கலாம். "பேத்தி தாத்தாவிடம் கேட்கக் கூடாதா? பிள்ளைகள் கேட்காமல் யார் கேட்பது?" கேட்கலாம். நன்றாகக் கேட்கலாம். மடியில் உட்கார்ந்து கேட்கட்டும். போனில் கூப்பிட்டுக் கேட்கட்டும். இப்போது குரலையே காப்பி அடிக்கிற கம்ப்யூட்டர் வித்தையும் வந்துவிட்டது. ஆகவே, வந்த போனில் பேசினால் போதாது. நமக்குத் தெரிந்த பழைய நம்பருக்கு நாமே போட்டுப் பேச வேண்டும்.

பரிசு என்றால் நாமாக நினைத்து, நம் கையால் கொடுப்பது. அவசரப்படுத்தி, பேசவிடாமல், நம்பராகக் கேட்டு வாங்குவதற்குப் பெயர் பரிசு இல்லை. வழிப்பறி!

பஸ்சில்

சேலம் பஸ் வந்தது. ரைட்டரய்யாவும் ஏறினார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

சட்டைப் பையில் ஒரே ஒரு கார்டு இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு இல்லை. சின்னது. பேத்தியிடம் எந்த ஆப் என்று கேட்டு, கடைக்காரரே பார்த்துக் கொடுத்தது. நர்சிங் படிக்கிற பேத்தியை சாயந்தரம் ஹாஸ்டலில் பார்த்து நேரில் கொடுக்கப் போகிறாராம்.

"ஐப்பசிக்குத்தானே பொறந்த நாளு?" என்றேன்.

"அதுக்கென்ன தம்பி. பயந்து போய் அது ரெண்டு தடவை போன் பண்ணிடுச்சு. ஒரு எட்டு பார்த்துட்டு வந்தா மனசு ஆறும்."

ஸ்வெட்டருக்குள் இருந்து ஒரு தாளை எடுத்தார். எஸ்டேட் கணக்கு நோட்டில் கிழித்த தாள். பத்துப் பாட்டின் பெயர் வரிசையாக எழுதியிருந்தது. ரைட்டர் கையெழுத்து, முத்து முத்தாக. கார்டோடு சேர்த்துக் கொடுக்கிறதுக்காம்.

"இந்தப் பத்தும் முதல்ல கேளு, அப்புறம் உன் இஷ்டம்னு சொல்லப்போறேன்" என்று சிரித்தார்.

பஸ் கடைசி வளைவும் திரும்பியது. வெயில் சுள்ளென்று அடித்தது. மப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வாசகர்களே! கார்டைக் கொடுங்கள். கையில் கொடுங்கள். கூடவே ஒரு பாட்டுப் பெயராவது எழுதிக் கொடுங்கள். நம்பரை மட்டும் யாராவது கேட்டால், அது பேத்தி பெயரில் வந்தாலும் சரி, கலெக்டர் படத்தில் வந்தாலும் சரி,

நம்பரைக் கேட்டால் நம்பாதே!